ஏற்கப்பட்ட ஆய்வுக் கட்டுரையில் விடுபட்ட ஆசிரியர் பெயரைச் சேர்க்க என்ன பாடு

ஒருவழியாகப் பெயர் சேர்ந்துவிட்டது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அடுத்தவருக்காவது உதவும்.

'எடிட்டருக்கு ஒரு மெயில் தட்டினால் போதும்' என்பதை நம்பாதீர்கள். ஆய்வு வெளியீட்டு நெறிமுறைகளைக் கவனிக்கும் கோப் (COPE) அமைப்பின் வழிமுறைப்படி (1997இல் பிரிட்டனில் மருத்துவ இதழ் எடிட்டர்கள் சிலர் தொடங்கியது; இன்று பல துறை இதழ்கள் அதில் உறுப்பு) ஆசிரியர் பட்டியலில் உள்ள எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் கட்டுரை அப்படியே நிற்கும்.

மாட்டிக்கொள்வது இங்கேதான். வேலை மாறிப் போனவரின் பழைய கல்லூரி மெயில் எப்போதோ செத்திருக்கும். ஒப்புதல் கேட்டு இதழ் அனுப்பியது அங்கே போய் முட்டி நிற்கும். யாருடைய பதில் பாக்கி என்பதைக்கூட இதழ் அலுவலகம் தானாகச் சொல்லவில்லை; துருவிக் கேட்டுத்தான் தெரிந்தது. அதனால் கட்டுரை அனுப்பும்போதே எல்லோருடைய சொந்த மெயிலையும் வாங்கி வையுங்கள்.

அடுத்தது, பெயரை ஏன் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் காரணக் கடிதம். 'ஆய்வுக்கு உதவினார்' என்று எழுதினால் திரும்பி வரும். மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் பார்ப்பது ஐசிஎம்ஜேஇ (ICMJE) என்ற சர்வதேச மருத்துவ இதழ் எடிட்டர்கள் குழு, ஒருவரை ஆசிரியராக ஏற்க வைத்திருக்கும் நான்கு நிபந்தனைகளை: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, வரைவை எழுதியது அல்லது ஆழமாகத் திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் வேண்டும். கடைசி நிபந்தனை 2013இல் வந்தது. துறையில் சுற்றிவரும் பழைய படிவங்களில் மூன்றுதான் இருக்கும், கவனம். 'எலிசா சோதனைகளைச் செய்தார், படம் 3 அவருடையது, முடிவுகள் பகுதியைத் திருத்தினார்' என்று எழுதுங்கள், மறுகேள்வி வராது. நிதி வாங்கித் தந்ததும் துறைத்தலைவர் பதவியும் மட்டும் செல்லாது. அவர்களுக்கு நன்றியுரை இருக்கிறது. உழைத்தவரிடம் வரைவையே காட்டாமல் வைத்துவிட்டு, 'அவர் ஒப்புதல் தரவில்லையே' என்று கழற்றிவிடுவதையும் அதே விதிகள் தடுக்கின்றன. பலருக்கு இது தெரியாது.

புதியவரின் உறுதிமொழிப் படிவம், பங்களிப்புப் பட்டியல் திருத்தம் எல்லாம் சுலபம்.

தகராறு முற்றினால் 'கோப்பிடம் போவேன்' என்று மிரட்டிப் பயனில்லை. கட்டுரைக்கு யார் ஆசிரியர் என்று அது தீர்ப்புச் சொல்லாது. உறுப்பினரான இதழ் நெறிமுறைப்படி நடந்ததா என்பதை மட்டும் பார்க்கும், அதுவும் இதழின் சொந்தப் புகார் வழியை முடித்துவிட்டு வந்தால்தான். பெயர்ச் சண்டையைத் தீர்க்க வேண்டியது உங்கள் நிறுவனம். அங்கிருந்து வரும் எழுத்துபூர்வ முடிவைத்தான் எடிட்டர் ஏற்பார். ஆய்வக நோட்டுப் பக்கங்களையும் தேதியுள்ள மெயில்களையும் முதலில் அங்கே கொடுங்கள்.