ஜனவரில ஜூலியர் கணவாய், கூட 1991 மாடல் மாஸ்டா

மூனிக் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கறவங்க நிறைய பேரு சீசன் நம்பர் பிளேட்தான் போட்டிருப்பாங்க. பிளேட்டோட வலது ஓரத்துல மேல 04, கீழ 10னு இருக்கும், அதாவது ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும்தான் வண்டி ரோட்டுக்கு வரலாம், மத்த மாசம் ஓட்டறத விடுங்க, தெருவோரமா நிறுத்தக்கூட கூடாது. டாக்ஸும் இன்சூரன்ஸும் மிச்சம்னு என்னோட மாஸ்டா எம்எக்ஸ்-5க்கும் அதுதான் இருந்துச்சு. அதனால பனில மலை ஏறலாம்னு முடிவானதும் ஸ்பேனர கையில எடுக்கல, நேரா ரெஜிஸ்ட்ரேஷன் ஆபீஸ் போய் வருஷம் முழுக்க ஓட்டற பிளேட்டா மாத்துனேன்.

அடுத்தது எந்த ரோடு. ஆஸ்திரியாவோட கிராஸ்குளோக்னர் மலைரோடு நவம்பர்ல மூடுனா மே மாசத்த ஒட்டித்தான் திறப்பாங்க, இத்தாலியோட ஸ்டெல்வியோ கணவாயும் பூட்டு. சுவிட்சர்லாந்து கிராவ்புண்டன் மாநிலத்துல இருக்கற ஜூலியர் (2,284 மீட்டர்), பெர்னினா (2,328 மீட்டர்) ரெண்டையும் குளிர்லயும் பனி தள்ளி திறந்தே வச்சிருப்பாங்க, பெரிய பனிப்பொழிவு வந்தா கொஞ்ச நேரம் மூடுவாங்க அவ்ளோதான். பக்கத்துலயே அல்புலா கணவாய்னு ஒண்ணு, அதுல பிரெடாலேருந்து பெர்கூன் வரைக்கும் குளிர்ல காருக்கு தடை போட்டுட்டு அதே ரோட்ட சறுக்குவண்டி ஓட்ட விட்டுடறாங்க, குடும்பம் குடும்பமா வந்து உக்காந்து சறுக்கறாங்க. நம்ம பிளான் பிரெகென்ஸ், கூர், பிவியோ, ஜூலியர், பெர்னினா, அப்படியே இறங்கி இத்தாலில திரானோ.

கூட வந்த நண்பன் மதுரைக்காரன், வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு "டேய், பெர்னினாக்கு சிவப்பு கலர்ல ட்ரெயினே போகுதேடா"ன்னான். போகுதுதான். ஆனா ட்ரெயினுக்கு நம்ம ஒண்ணும் ரெடி பண்ண வேண்டாமே.

பழைய வண்டிய குளிருக்கு ரெடி பண்றதுன்னா எல்லாரும் டயர்லதான் ஆரம்பிப்பாங்க, அது சுலபமான வேலை. 185/60 ஆர்14, ஒல்லி டயர், பனிக்கு நல்லதுதான். டயர்ல மலைக்குள்ள பனிப்பூ போட்ட சின்னம் இருக்கணும், 2024 அக்டோபர்லேருந்து ஜெர்மனில வெறும் எம்+எஸ் (சேறு, பனிக்குன்னு அர்த்தம்) எழுத்து மட்டும் இருந்தா விண்டர் டயர்னு எடுத்துக்க மாட்டாங்க. ஆஸ்திரியா வழியா போறதால டயர் பள்ளத்தோட ஆழம் (ட்ரெட்) 4 மில்லிமீட்டராவது வேணும். பனில வழுக்காம இருக்க டயர் மேல மாட்டற செயின் பின் சக்கரத்துக்கு, ஏன்னா ரியர் வீல் டிரைவ். அத வீட்டு கராஜ்லயே மாட்டிப் பழகிடணும், மைனஸ் பத்துல விரல் மரத்துப்போய் நிக்கறப்ப மேனுவல் படிக்க முடியாது.

எனக்கு உண்மையான பயம் தண்ணி மேலதான். சாஃப்ட் டாப், அதாவது மடிக்கற துணிக்கூரை மேல விழற தண்ணி சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கற டிரெயின் ஓட்டை வழியா இறங்கி கீழ போகணும். அங்க இலை தழை அடைச்சுதுன்னா தண்ணி கதவுக்குக் கீழ இருக்கற பாடி பகுதிக்குள்ள (சில்) தேங்கும், இந்த மாடல் துரு பிடிக்கற முதல் இடமே அதுதான். புல் வெட்டற மெஷின்ல போடற நைலான் நரம்ப விட்டு மெதுவா குத்தி எடுத்தேன், கம்பி விட்டா உள்ள இருக்கற ரப்பர் கிழிஞ்சுடும். பின் கண்ணாடி கண்ணாடியே இல்ல, பிளாஸ்டிக், குளிர்ல மடிச்சா அப்பளம்தான், அதனால டாப்ப திறக்கற ஆசைய விட்டுட்டு கெட்டியான கூரை, ஹார்ட் டாப் மாட்டியாச்சு. அதுல கண்ணாடியும் இருக்கு, பனிப்புகை போக சூடேத்தற கம்பியும் இருக்கு.

கூலன்ட்ல பாதி தண்ணி பாதி கான்சன்ட்ரேட் இருந்தா மைனஸ் 37 வரைக்கும் உறையாது, முன்னாடி இருந்தவர் என்ன ஊத்துனார்னு தெரியாததால மொத்தமா வடிச்சு மாத்துனேன். பேட்டரி டிக்கில இருக்கற குட்டி பேட்டரி, மைனஸ் 18 வாக்குல எந்த பேட்டரிக்கும் சக்தி கிட்டத்தட்ட பாதியாயிடும், வயசான பேட்டரின்னா யோசிக்கவே வேண்டாம், புதுசு போட்டுடுங்க. கதவு ரப்பருக்கு மான் கொழுப்பு குச்சி தேய்ச்சேன், ஜெர்மன் கடைல சல்லிசா கிடைக்கும், இல்லன்னா காலைல கதவ இழுத்தா ரப்பரும் சேந்து வரும். அடிப்பக்கம் முழுக்க மெழுகு ஸ்ப்ரே, பனி உருக ரோட்ல போடற உப்புக்காக.

எழும்பி நிக்கற ஹெட்லைட்டுக்கு ஒரு தந்திரம் இருக்கு. லைட் போடாமலே அத மேல தூக்க தனி பட்டன் உண்டு. ராத்திரி பார்க் பண்றப்ப தூக்கியே விட்டுடணும், மூடி இருக்கறப்ப ஓரத்துல ஐஸ் கட்டுனா மோட்டார் பாவம் திணறும். ஹேண்ட்பிரேக்கும் போடக்கூடாது, நனைஞ்ச பேட் டிஸ்க்கோட உறைஞ்சு ஒட்டிக்கும், கியர்ல போட்டு நிறுத்தணும்.

ரோடு? பிவியோ தாண்டினதும் ரெண்டு பக்கமும் பனிச்சுவர், உச்சில ரோமானியர் காலத்து ரெண்டு கல்தூண் துண்டு அரையும் குறையுமா தெரிஞ்சுது. ஏபிஎஸ் இல்ல, வண்டி சறுக்காம தானா பிடிக்கற ஈஎஸ்பியும் இல்ல, ரெண்டாவது கியர்ல கிளம்பறது, வளைவுக்கு முன்னாடியே நேரா இருக்கறப்ப பிரேக் முடிச்சுடறது, இறக்கத்துல கியர் குறைச்சா கிளட்ச்ச மெதுவா விடறது, இல்லன்னா பின்பக்கம் நமக்கு முன்னாடி போகப் பாக்கும். ஹீட்டர் மட்டும் சும்மா சொல்லக்கூடாது, அவ்ளோ சின்ன கேபினுக்கு அது ரொம்ப அதிகம், நண்பன் ஜாக்கெட்ட கழட்டிட்டு தூங்கிட்டான்.

உப்ப கழுவணும்னு கை அரிச்சுது, ஆனா ரெண்டு கணவாய்க்கும் நடுவுல இருக்கற எங்காடின் பள்ளத்தாக்குல ராத்திரி மைனஸ் 20 எல்லாம் சாதாரணம், அங்க கழுவுனா பூட்டு, பிரேக், கதவு எல்லாம் ஒண்ணா உறைஞ்சுடும். திரானோ கிட்டத்தட்ட 440 மீட்டர் உயரம்தான், அங்க வெயில் இருந்துச்சு, அங்கதான் அடிப்பக்கமா தண்ணி அடிச்சு விட்டேன். அப்பறம் ஊருக்குள்ள லேசா பிரேக்க மிதிச்சுக்கிட்டே ரெண்டு ரவுண்டு, டிஸ்க் காயறதுக்கு. நண்பன் "இன்னும் சாப்பிடலடா"ன்னான்.