துறைமுகத்தின் முதுகில் கொட்டாஞ்சேனை

கொழும்புக்கு வரும் நம்மவர்களில் பாதிப்பேர் வெள்ளவத்தையில் இறங்கி, வெள்ளவத்தையிலேயே சாப்பிட்டு, அங்கிருந்தே ஊர் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு காலைப்பொழுதையாவது வடக்கே, கொழும்பு 13 என்கிற கொட்டாஞ்சேனைப் பக்கத்துக்கு ஒதுக்க வேண்டும். கால்நடையாக.

புறக்கோட்டையில் இறங்கி, சுமைதூக்கும் நாட்டாமிமாரின் கைவண்டிகளுக்கு வழிவிட்டு, செட்டியார் தெரு நகைக்கடைகளைத் தாண்டினால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த இடம். அந்த ஜூன் மாதத் திருவிழாவுக்கு முதல்நாளே திருத்திக் கட்டித் திறந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் சைவக்காரரும் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பார்கள். அது இங்கே யாருக்கும் புதினமில்லை.

கொஞ்சம் தள்ளி, ஸ்ரீ இராமநாதன் மாவத்தையில் பொன்னம்பலவாணேசர் கோவில். பொன்னம்பல முதலியார் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியதை, மகன், தமிழ் அரசியல் தலைவர் சேர் பொன். இராமநாதன், 1907 தொடக்கம் 1912 வரையில் முழுக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே தரை குளிர்ந்து கிடக்கிறது. தூண்களின் அடியில் கைபட்டுக் கைபட்டுக் கல் எண்ணெய் மினுக்கத்தோடு வழுவழுத்துவிட்டது. கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் யாளியின் பல்வரிசை தெரிகிறது. வாசலில் பூ விற்ற அம்மா, "தம்பி, சேர்ட்டைக் கழட்டிட்டுப் போங்க, உள்ளுக்கு ஐயா ஏசுவார்" என்று முன்கூட்டியே காப்பாற்றினார்.

ஒரு கேள்வி வரும். இவ்வளவு பெரிய மனிதர் ஏன் இந்த நெரிசலுக்குள் கோவில் கட்டினார்? அப்போது இது நெரிசல் இல்லை. கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் வெளியே, கடல் காற்று வீசும் மேட்டு நிலம் என்பதால் வசதியுள்ளவர்கள் இங்கேயும் முகத்துவாரத்திலும்தான் வீடு கட்டினார்கள். 1875-இல் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார்கள். அப்புறம் தெற்கே காலித் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் மெல்ல மெல்லக் கொழும்புக்கு மாறின. நிலக்கரியும் கிட்டங்கிகளும் கூலித் தொழிலாளர் குடியிருப்புகளும் கூடவே வந்தன. பணக்காரர் கறுவாத்தோட்டப் பகுதிக்கு இடம்பெயர்ந்தார்கள். இராமநாதனின் வீடும் அந்தப் பக்கம், வார்ட் பிளேஸில்தான் இருந்தது. அப்பா கட்டிய கோவிலை மட்டும் இடம் மாற்றவில்லை.

மேடு என்றேனே, அதைக் கால்தான் சரியாகச் சொல்லும். வுல்பெண்டால் ஏற்றத்தில் மூச்சு வாங்கியபடி போனால் உச்சியில் ஒல்லாந்தர் தேவாலயம். 1749-இல் கட்டத் தொடங்கி 1757-இல் திறந்தது. சிலுவை வடிவம், கோட்டை மதில் போன்ற தடித்த சுவர். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைக் கற்களை 1813-இல் இங்கே கொண்டுவந்தார்கள். இதன் மணியோ இங்கே இல்லை. அது மேட்டின் அடிவாரத்தில், பிரதான வீதி முடிவில் தனி மணிக்கோபுரத்தில் தொங்குகிறது. பார்க்காமல் எத்தனையோ பேர் அதைக் கடந்து போகிறார்கள்.

ஜம்பட்டா வீதியில் ஒரு சைவக்கடையில் தோசையும் பிளேன்ரீயும். சம்பலில் உப்புக் கூட. சரி, விடுவோம்.

அடுத்தது சாந்த லூசியா பேராலயம். ஊருக்கே பெரிய குவிமாடம். அதற்குக் கிட்டத்தான் தீபதுத்தாராமய விகாரை. இந்தக் கிட்ட இருப்பதுதான் 1883-இல் வினையாயிற்று. ஈஸ்டர் நாளில் பௌத்தப் பெரஹெரா ஊர்வலம் ஒன்று விகாரைக்குப் போக, கத்தோலிக்கர் மறிக்க, கலவரம் மூண்டது. நீதி கேட்டு பௌத்தர் சார்பில் அமெரிக்கரான கேணல் ஒல்கொட் லண்டன் வரை போனார். 1885-இல் புத்தர் திருநாளான வெசாக் பொது விடுமுறையானது. இன்று உலகமெங்கும் பறக்கும் பௌத்தக் கொடியை அந்த வெசாக்கில்தான் முதன்முதலாக ஏற்றினார்கள். ஏற்றிய இடங்களில் ஒன்று இந்த விகாரை. ஏற்றியவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். பின்னாளில் பிரிஸ்டாங் என்ற சயாம் இளவரசர் துறவு பூண்டு இங்கே தலைமைப் பிக்குவாக இருந்தார். சயாம் பாணித் தாதுகோபம் அவர் காலத்தது. வெள்ளை மணி வடிவத் தாதுகோபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே வித்தியாசமாகப் படும்.

போகிறவர்கள் ஏழு மணிக்கே புறப்படுங்கள். மத்தியானம் சிவன் கோவில் நடை சாத்திவிடுவார்கள். துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் வீதிக்கு வந்துவிட்டால் ஆட்டோகூட நகராது.