லீஸ் காரை இடையில் விடுவதா, கடைசி வரை ஓட்டுவதா?

அமெரிக்காவில் லீஸ், அதாவது மாதத் தவணை கட்டிக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகை என்று எடுத்த காரை இடையிலேயே விட நினைக்கக் காரணம் பல இருக்கும். வேலை போயிருக்கும், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவாகியிருக்கும், இரண்டாவது குழந்தை வந்து செடான் போதாமல் போயிருக்கும். ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் நாட்டில் இருக்க அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்த அவசரத்தில், டீலரிடம் சாவியைக் கொடுத்துவிட்டால் விவகாரம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. காரணம் எதுவானாலும் போட வேண்டிய கணக்கு ஒன்றுதான். ஒப்பந்தம் கையில் இருந்தால் ஒரே மாலையில் போட்டுவிடலாம்.

1976-ஆம் ஆண்டு நுகர்வோர் லீஸ் சட்டமும் அதை ஒட்டிய ரெகுலேஷன் எம் விதிகளும் லீஸ் ஒப்பந்தத்தில் எதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. முன்கூட்டியே முடித்தால் பல ஆயிரம் டாலர் வரை கட்ட நேரலாம், எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ அவ்வளவு கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கும். ஆனால் உண்மையான சூத்திரம் உள்பக்கத்துப் பொடி எழுத்தில், முன்கூட்டி முடித்தல் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். படிக்க வேண்டியது அந்தப் பத்தியைத்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கழிவெல்லாம் போக லீஸில் ஏறிய காரின் விலை 36,000 டாலர். 36 மாத முடிவில் காருக்கு நிறுவனம் வைத்திருக்கும் மதிப்பு, அதாவது ரெசிடுவல், 21,600. லீஸுக்கான வட்டியைக் குறிக்கும் எண், அதாவது மணி ஃபேக்டர், 0.0025, அதை 2,400-ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி சுமார் 6 சதவீதம். மதிப்புக் குறைவுக்கு மாதம் 400, விலையையும் ரெசிடுவலையும் கூட்டி மணி ஃபேக்டரால் பெருக்கினால் வட்டிக்கு 144, ஆக வரி நீங்கலாகத் தவணை 544 டாலர்.

20 தவணை கட்டியாயிற்று, 16 பாக்கி. இப்போது பே-ஆஃப் எவ்வளவு? மீதித் தவணைகள் 8,704, ரெசிடுவல் 21,600, இரண்டும் சேர்ந்து 30,304. இன்னும் வராத மாதங்களுக்கான வட்டியைக் கழித்தால் சுமார் 28,200. இன்றைக்கு லீஸை முழுதாக அடைக்க வேண்டிய தொகை இது. எதிர்கால வட்டியைக் கழிக்கும் முறை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதனால் உங்கள் எண்ணை நிறுவனத்திடமே எழுத்தில் வாங்குங்கள். வாங்கும்போது நாலு விஷயம் கேளுங்கள்: தொகை எந்தத் தேதி வரை செல்லும், விற்பனை வரி சேர்ந்ததா, டீலருக்கு வேறு பே-ஆஃப் உண்டா, வெளி டீலருக்கு விற்க அனுமதி உண்டா.

அடுத்தது, காரை இன்று எவ்வளவுக்கு எடுப்பார்கள் என்பது. இணையத்தில் காட்டும் மதிப்பீட்டை நம்ப வேண்டாம். பழைய கார் வாங்கும் கார்மேக்ஸ், கார்வானா, பக்கத்தில் அதே பிராண்ட் டீலர் என்று மூன்று இடத்தில் உண்மையான கொள்முதல் விலை கேளுங்கள். 25,500 சொன்னால், பே-ஆஃபுக்கும் அதற்கும் இடையிலுள்ள பள்ளம் 2,700. கடைசி வரை ஓட்டினால் ஆகும் செலவு 8,704. காரைத் திருப்பும்போது வாங்கும் டிஸ்பொசிஷன் கட்டணம் 395 என்று வைத்தால் 9,099. இன்றே முடித்தால் சுமார் 6,400 மிச்சம், மாதத்துக்கு 400. இன்னொரு கார் தேவையில்லாத வீட்டுக்கு இது நல்ல விலை. தேவைப்படும் வீட்டுக்கு, அந்த 400-க்குள் வேறு கார் அமையுமா என்பதுதான் கேள்வி.

அதே காருக்குச் சந்தையில் 21,000-தான் கிடைக்கிறது என்றால் கதை வேறு. பள்ளம் 7,200. மிச்சம் 1,900, மாதத்துக்கு 120-கூட இல்லை. உள்ளூரிலேயே இருப்பவர் ஓட்டி முடிப்பதே மேல். நாட்டை விட்டுப் போகிறவர் மட்டும் இன்சூரன்ஸ் மிச்சத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாவது நிலையில்தான் ஆட்கள் அவசரப்பட்டு நஷ்டப்படுகிறார்கள். சாதாரண லீஸில் 36-ஆவது மாதம் சந்தை விலை 18,000-ஆக விழுந்திருந்தாலும் நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். ரெசிடுவலுக்கும் சந்தைக்கும் இடையிலுள்ள 3,600 நிறுவனத்தின் நஷ்டம். முன்கூட்டி முடித்தால் அதே நஷ்டம் உங்கள் தலையில். மறுவிலை வேகமாகச் சரிந்த மின்சார கார்களில் இந்தப் பாதுகாப்புக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதைச் சும்மா விட்டுக்கொடுக்கக் கூடாது. இதற்கு நேர் எதிரான காலமும் இருந்தது. 2021, 2022-இல் சிப் தட்டுப்பாட்டால் பழைய கார் விலை ஏறி, பே-ஆஃபை விடச் சந்தை விலை கூடி, லீஸை விட்டவர்கள் கையில் காசோடு போனார்கள். அதனால் பழைய அனுபவத்தை வைத்து யாராவது சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளம் பொதுவாக முதல் ஒன்றரை ஆண்டில்தான் ஆழம். கடன் மாதம் 400 வீதம் சீராக இறங்குகிறது, காரின் விலையோ முதல் ஆண்டிலேயே பெரும்பகுதி இறங்கிவிடுகிறது. ஆகவே 10-ஆவது மாதம் கேட்டு மலைத்துப்போன தொகை 24-ஆவது மாதம் பாதியாகியிருக்கலாம்.

முடிப்பது என்று தீர்மானித்தால், டீலரிடம் நேரடியாக விற்பதே சுலபம். அவரே பே-ஆஃபை அடைத்து, பள்ளத்துக்கு உங்களிடம் செக் வாங்கிக்கொள்வார். சிக்கல் என்னவென்றால், பல பிராண்டுகளின் சொந்த நிதி நிறுவனங்கள் அண்மை ஆண்டுகளில் வெளி ஆளுக்கு விற்பதைத் தடுத்துவிட்டன, அல்லது அவருக்கு மட்டும் கூடுதல் பே-ஆஃப் சொல்கின்றன. அப்போது அதே பிராண்ட் டீலரிடம்தான் போக வேண்டும். இல்லையென்றால் காரை முதலில் உங்கள் பெயருக்கு வாங்கி, டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், வந்த பிறகு விற்க வேண்டும். அங்கே விற்பனை வரி குறுக்கே வரும். டெக்சாஸில் 6.25 சதவீதம், 28,200-க்கு 1,762 டாலர். கலிஃபோர்னியாவில் டைட்டில் பெற்ற 10 நாளுக்குள் மறுபடி விற்றால் அந்த வரி இல்லை. மாநில விதியைப் பார்க்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

மைல் அதிகமாகிவிட்டது என்பதற்காகவே முடிக்க நினைப்பவர்களும் உண்டு. 8,000 மைல் கூடினால், மைலுக்கு 25 சென்ட் வீதம் 2,000 டாலர். ஆனால் அந்த அபராதம் காரை லீஸ் நிறுவனத்திடம் திருப்பினால்தான். விற்றாலோ வாங்கிக்கொண்டாலோ அது கிடையாது, அந்த மைல்கள் சந்தை விலையில் மட்டும் தெரியும்.

பள்ளம் ஆழமாக இருந்தால் லீஸ் மாற்றம்தான் பெரும்பாலும் மலிவு. ஸ்வாப்பலீஸ், லீஸ்ட்ரேடர் போன்ற தளங்களில் போட்டு, மீதி மாதங்களை வேறொருவர் பெயருக்கு மாற்றுவது. எடுக்க வருபவருக்கு ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ ஊக்கத்தொகை கொடுத்தாலும் 7,200 பள்ளத்துக்கு முன் அது சிறு தொகை. சில நிறுவனங்கள் மாற்றத்தையே அனுமதிப்பதில்லை, சில கடைசி சில மாதங்களில் அனுமதிப்பதில்லை. இன்னும் சில, புதியவர் கட்டத் தவறினால் உங்களையே பிடிக்கும். பொறுப்பிலிருந்து முழு விடுதலை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அது இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

“பழைய லீஸை நாங்களே அடைத்துவிடுகிறோம்” என்ற டீலர் விளம்பரத்தில் இலவசம் எதுவும் இல்லை. 2,700 பள்ளம் புதிய லீஸின் விலையில் ஏறும். அதே மணி ஃபேக்டரில் மாதம் 75 அசல், 6.75 வட்டி, 36 மாதத்தில் 2,943. புதிய காரின் தவணை உயர்ந்திருப்பது மட்டும் தெரியும், எதனால் என்பது தெரியாது. நிறுவனமே கடைசி சில தவணைகளைத் தள்ளுபடி செய்யும் சலுகை வேறு. லீஸ் முடியச் சில மாதங்களே இருக்கும்போது அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

சாவியைப் போட்டுவிட்டுப் போவது எல்லாவற்றிலும் மோசம். நிறுவனம் காரை ஏலத்தில் மொத்த விலைக்கு விற்று, பே-ஆஃபிலிருந்து அதைக் கழித்து, கட்டணங்களைக் கூட்டி பில் அனுப்பும். அந்த விற்பனை விலையை வைத்துத்தான் உங்கள் பாக்கி என்றால், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வெளி மதிப்பீட்டாளரை உங்கள் செலவில் வைக்க ரெகுலேஷன் எம் உரிமை தருகிறது. அவர் சொல்லும் மதிப்பு இறுதியானது. கட்டாமல் விட்டால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் 7 ஆண்டு நிற்கும். மறுபடி விசாவில் வருபவருக்கு வாடகை வீடு பிடிப்பதே பாடாகிவிடும். தவணை தவறும் முன்பே நிறுவனத்தை அழைத்தால் ஒன்றிரண்டு மாதத் தவணையைப் பின்னுக்குத் தள்ளச் சம்மதிக்கக்கூடும். அந்த அவகாசத்தில் விற்பதையோ மாற்றுவதையோ முடிக்கலாம்.

ஒப்படைக்கும் நாளில் ஓடோமீட்டர் அறிக்கையில் கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள், காரைச் சுற்றிப் படமெடுங்கள், டோல் டேக்கைக் கழற்றுங்கள். முன்பணம் கட்டிய சர்வீஸ் திட்டமோ நீட்டித்த வாரண்டியோ இருந்தால் பயன்படுத்தாத பகுதிக்குப் பணம் திரும்பக் கேளுங்கள். அது தானாக வராது. பே-ஆஃப் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் வரை, தவணையைத் தானாகக் கட்டும் ஆட்டோபேயை நிறுத்த வேண்டாம். நடுவில் ஒரு தவணை கூடுதலாகப் போனால் திருப்பி வாங்கலாம், தவறிய தவணையை ரிப்போர்ட்டிலிருந்து நீக்குவது கடினம். பாக்கி பூஜ்யம் என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே இன்சூரன்ஸை ரத்து செய்யுங்கள். நியூயார்க்கில் அதற்கும் முன்பு நம்பர் ப்ளேட்டை மோட்டார் வாகனத் துறையிடம் ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்க வேண்டும்.