‘ஏன்’ என்று கேட்காதீர்கள், எம்.புக் கேளுங்கள்

தெருவில் போட்ட சிமெண்ட் சாலை ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. அதற்காகப் போட்ட ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு மேல்முறையீடு வரை இழுத்து, ஒருவழியாகக் காகிதங்கள் கைக்கு வந்தன. மனு எழுதுவதும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுவதும் தெரிந்த கதைதான். (வருவாய் வில்லையை ஒட்டிவிடாதீர்கள், திருப்பி அனுப்ப அதுவே போதும்.) சிக்கலெல்லாம் அதற்குப் பிறகு.

‘சாலை ஏன் பெயர்ந்தது? யார் பொறுப்பு?’ என்று கேட்டால், ‘கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரே வரியில் பதில் வரும். எரிச்சலாக இருந்தாலும் சட்டப்படி அது சரி. கைவசம் உள்ள ஆவணத்தைத் தந்தால் போதும், விளக்கம் தயாரித்துத் தர வேண்டியதில்லை என்று சிபிஎஸ்இ வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை மோசம் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை ஒத்துக்கொள்ளச் சொல்ல இந்தச் சட்டத்தில் இடமில்லை, கோப்பைக் காட்டச் சொல்லலாம், அவ்வளவுதான். அதனால் காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி உத்தரவு, எம்.புக் (முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை, இறுதி பில். பணியின் பெயரும் நிதியாண்டும் கட்டாயம் வேண்டும்.

“இதெல்லாம் எதுக்கு சார் உங்களுக்கு?” என்று எழுத்தர் கேட்பார். 6(2) பிரிவின்படி காரணம் சொல்லத் தேவையில்லை. சொன்னால் அந்தக் காரணத்தை வைத்தே பேச்சு வளரும்.

அடுத்த இழுத்தடிப்பு நகல் கட்டணம். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லி முப்பதாவது நாள் நெருக்கத்தில் கடிதம் வரும். அந்தக் கடிதம் புறப்பட்டதிலிருந்து நீங்கள் பணம் கட்டும் வரையான நாட்கள், பதில் தர வேண்டிய 30 நாள் கெடுவில் சேராது. அந்தக் கெடு தாண்டிவிட்டால் 7(6) பிரிவின்படி எல்லாமே இலவசம். கடிதத்தில் போட்டிருக்கும் தேதியை நம்ப வேண்டாம், தபால் முத்திரை விழுந்த உறையைப் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டில் அதுதான் கைகொடுக்கும்.

ஒப்பந்ததாரர் பெயரைக் கேட்டால் ‘தனிநபர் தகவல்’ என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டுவார்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை அவர்களுக்கு இன்னும் வசதியாக்கிவிட்டது. பொதுப் பணத்தில் வேலை எடுத்தவர் பெயரில் என்ன அந்தரங்கம்? நல்லவேளை, 8(2) அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்கிற பிரிவு அது. மேல்முறையீட்டில் அதை எண்ணோடு குறிப்பிடுங்கள். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்க வேண்டியதும் அவர்கள்தான், 19(5).

பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பதில் வரவில்லை என்ற கோபத்தில் நேராகத் தகவல் ஆணையத்துக்கு 18-ஆம் பிரிவில் புகார் அனுப்புவார்கள். அதில் அதிகாரிக்கு அபராதம் விதிக்கலாம், நாளுக்கு 250, அதிகபட்சம் 25,000. ஆனால் தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. மணிப்பூர் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. காகிதம் வேண்டுமென்றால் 19(1)-இல் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் இரண்டாவது.

நகலோடு நிறுத்தாதீர்கள், நேரில் பார்வையிடவும் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. எம்.புக்கின் அசலைப் பார்த்தால்தான் சில விஷயம் புரியும். வெவ்வேறு தேதியில் அளந்ததாகச் சொன்ன மூன்று பதிவுகளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். சாலையின் கனம் எல்லா இடத்திலும் 150 மி.மீ. என்று எழுதியிருந்தது. பெயர்ந்த ஓரத்தில் ஸ்கேல் வைத்தால் 100-ஐத் தொடவில்லை. ஜெராக்ஸில் இந்தப் பேனா விஷயம் தெரியவே தெரியாது. சாலையிலிருந்து சான்றளித்த மாதிரி எடுக்கவும் 2(ஜே) இடம் தருகிறது. முதல் மனுவிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் புகார் கொடுப்பதாக இருந்தால், எல்லாவற்றுக்கும் சான்றொப்பமிட்ட நகல் வாங்கிய பிறகே கொடுங்கள். புகார் போனபின் அதே அலுவலகத்தில் கேட்டால் ‘விசாரணையில் உள்ளது’ என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அந்தத் துறையிடமே கேட்கலாம் என்றால், 2008 அரசாணைப்படி அது சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற அமைப்பு. ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 24(4) சொல்கிறது, ஆனால் அதை வாதாடி வாங்க இன்னொரு மேல்முறையீடு ஆகும்.