சத்தம் வரலையேப்பா!

போன மாதம் நான் கட்சி மாறினேன். பதினைந்து வருடம் நிக்கான்காரன், இப்போது கேனான்காரன். அரசியலில் என்றால் துண்டை மட்டும் மாற்றினால் போதும். கேமராவில் பத்து விரலையும் மாற்ற வேண்டியிருக்கிறது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

என்னிடம் இருந்தது 2010இல் வாங்கிய நிக்கான் டி90. கூடவே வந்த 18-105 ஜூம் லென்ஸ். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எங்கள் சொந்தத்தில் நான் படம் எடுக்காத காதுகுத்து இல்லை, சடங்கு இல்லை, பால்காய்ச்சு இல்லை. காசு வாங்க மாட்டேன். அதனால் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் எல்லாரும் வாசல் தாண்டும்போது, "கேமராவ மறந்துராதய்யா" என்பார்கள். நீயும் வந்துவிடு என்று யாராவது சொன்னார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

டி90 மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. 2008இல் வந்த மாடல், அந்த வயதுக்கு என்ன செய்யுமோ அதைச் செய்தது. ராத்திரி மண்டபத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றினால் படத்தில் ரவை தூவிய மாதிரி இருக்கும். அந்தக் காலத்துக் கேமராக்கள் பெரும்பாலும் அப்படித்தான். நானும் ரவையோடு வாழப் பழகியிருந்தேன்.

அப்போதுதான் அண்ணியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தான். அண்ணன் மகளுக்குக் காதுகுத்து, இவன்தான் தாய்மாமன். சீர்வரிசையோடு ஒரு கறுப்புப் பையும் வந்தது. உள்ளே கேனான் ஆர்6, ஒரு 24-105 ஜூம் லென்ஸ், ஜூம் இல்லாத ஒரு 50. "பிள்ள பொறந்ததுல இருந்து எல்லாம் போன்லதான் எடுக்கறேன் மச்சான். இது சும்மா கெடக்கு. வெளிய குடுக்கறதுக்கு நீங்களே வச்சுக்கங்க" என்றான். என்ன விலை என்று கேட்கிறீர்களா? இதை என் வீட்டிலும் படிப்பார்கள். அடுத்த பாராவுக்குப் போய்விடுவோம்.

பை கைக்கு வந்தது ராத்திரி எட்டு மணிக்கு. காதுகுத்து மறுநாள் காலை. புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பக் கூடாது என்று எங்கள் பாட்டி சொல்லும். நான் கிளம்பிவிட்டேன்.

முதல் அரை மணி நேரம் கேமராவை ஆன் பண்ணுவதிலேயே போனது. நிக்கானில் சுவிட்ச் ஷட்டர் பட்டனைச் சுற்றியே இருக்கும். ஆள்காட்டி விரல் அங்கே போய் ஒரு தள்ளு தள்ளினால் கேமரா முழித்துக்கொள்ளும். ஆர்6இல் அது இடது தோளில் இருக்கிறது. எனக்கும் அது தெரிகிறது, கண்ணுக்கும் தெரிகிறது, விரலுக்கு மட்டும் தெரியவில்லை. வீடு மாறிய புதிதில் நடு ராத்திரி எழுந்து பழைய வீட்டுச் சுவிட்சைச் சுவரில் தடவுவோமே, அதே தடவல். எடுத்த படத்தைப் பார்க்கலாம் என்று இடது கட்டைவிரல் பழக்கத்தில் மேல் பக்கம் போகும், மெனு திறக்கும். மூடிவிட்டு மறுபடியும் அழுத்துவேன், மறுபடியும் மெனு.

பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து மேலே இருக்கும் வட்டத் திருகியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏன்டா, இதுல டிவின்னு போட்டிருக்கே. டிவி வருமா?"

நிக்கானில் 'எஸ்' என்று இருப்பதைக் கேனான்காரர்கள் 'டிவி' என்று எழுதுகிறார்கள். டைம் வேல்யூ. அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்வது. இதை விளக்கி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வராது" என்றார்.

அவரைத் தூங்க அனுப்பிவிட்டு, ஒழுங்காகக் கையேட்டைப் படித்திருக்க வேண்டும். நான் படித்தது கேனான் வரலாற்றை. அதற்கும் ஒரு பலன் இருந்தது. 1934இல் அவர்கள் முதலில் செய்த மாதிரிக் கேமராவின் பெயர் குவானன். ஜப்பானியர் கும்பிடும் கருணைத் தெய்வத்தின் பெயர் அது. நம் பக்கத்தில் அதே போதிசத்துவருக்கு அவலோகிதர் என்று பெயர். அகத்தியர் தமிழ் கேட்டது இந்த அவலோகிதரிடம்தான் என்கிறது பழைய இலக்கண நூலான வீரசோழியம். ஆக, நான் போய்ச் சேர்ந்திருப்பது அகத்தியருக்கே வாத்தியாராக இருந்தவர் வீடு. இன்னொன்று இதைவிடச் சுவாரசியம். விற்பனைக்கு வந்த முதல் கேனானான ஹன்ஸா கேனானில் பூட்டியிருந்தது நிக்கார் லென்ஸ். செய்து கொடுத்தவர்கள் இன்றைக்கு நிக்கான் என்று பெயர் வைத்திருக்கும் கம்பெனிக்காரர்கள். பதினைந்து வருடமாகக் கல்யாண வீட்டுக் கொட்டகைகளில் நான் கேனான்காரர்களோடு போட்ட சண்டையெல்லாம் சம்பந்தி வீட்டுச் சண்டைதான் என்று தெரிந்தபோது மணி பன்னிரண்டரை. கையேடு பிரிக்கப்படாமலேயே இருந்தது.

மறுநாள் பாண்டி கோவில் பக்கத்தில் ஒரு மண்டபம். வாசலில் சொந்தக்காரர்களை நிற்க வைத்து முதல் படம் எடுத்தேன். எல்லாரும் நின்றார்கள். நான் கேமராவை இறக்கினேன். அப்போதும் நின்றார்கள்.

"எடுத்தாச்சு, போகலாம்."

"எப்ப எடுத்த? சத்தம் வரலையேப்பா!"

கேமராவைக் கொடுத்த மாப்பிள்ளை முன்பு சிங்கப்பூரில் கச்சேரிகளில் படம் எடுத்தவன். சத்தமில்லாத மின் ஷட்டரைப் போட்டு வைத்திருக்கிறான். நேற்று ராத்திரி அகத்தியரைத் தேடிய நேரத்தில் இதைத் தேடியிருக்கலாம். போதாக்குறைக்கு டி90இல் தலையில் முளைக்கும் ஃப்ளாஷ் உண்டு, ஆர்6இல் உள்ளேயே ஃப்ளாஷ் கிடையாது. சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எங்கள் ஊர்க்கணக்கில் அப்படி ஒன்று படமே இல்லை. "காசில்லாம எடுக்கறான்ல, சும்மா பாவ்லா காட்டறான்" என்று ஒரு அத்தை பக்கத்து அத்தையிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேமராதான் சத்தம் போடவில்லையே.

வேறு வழி தெரியவில்லை. அடுத்த குழுவிலிருந்து ஷட்டரை அழுத்தும்போது நானே வாயால் "டடக்" என்றேன். உடனே எல்லாரும் கலைந்து போனார்கள். மதியம் வரைக்கும் அந்த வேலையையும் நானே பார்த்தேன்.

மண்டபத்துக்குள் சீரியல் லைட் போட்டிருந்தார்கள். அங்கே எடுத்த படமெல்லாம் வரிக்குதிரை. அது கேமராவின் குற்றமில்லை. இந்தச் சத்தமில்லாத ஷட்டர் படத்தை ஒரேயடியாக எடுக்காது, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். மலிவான எல்இடி விளக்கோ நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். விளக்கு மங்கிய நேரத்தில் படித்த வரி கறுப்பு, எரிந்த நேரத்தில் படித்த வரி வெளுப்பு. சாதாரண ஷட்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மாற்றும் இடம் எனக்குத் தெரிந்தபோது பந்தி முடிந்து வெற்றிலை வந்துவிட்டது.

அப்புறம் அந்த முகம் பிடிக்கும் வித்தை. கூட்டத்தில் முகத்தைக் கண்டுபிடித்து, அதில் கண்ணைக் கண்டுபிடித்து, அங்கேயே ஃபோகஸை ஒட்டிக்கொள்கிறது. டி90இல் பதினொரு புள்ளிகளை வைத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளைத் துரத்தியவனுக்கு இது கையில் அலாவுதீன் விளக்கு கொடுத்த மாதிரி. ஆனால் மேடைக்குப் பின்னால் இருபதடிக்கு ஃப்ளெக்ஸ். அதில் தாய்மாமன்மார், சித்தப்பாமார், அவர்கள் நண்பர்கள் என்று நாற்பது முகம், அத்தனை பேரும் கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உயிருள்ளவர்களோ குழந்தையைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். எந்தக் கேமராவாக இருந்தாலும் நேராகப் பார்க்கிற முகத்துக்குத்தானே போகும்? ஐந்தாறு படங்களில் ஃப்ளெக்ஸில் இருந்த நான் பிரமாதமாக வந்திருக்கிறேன்.

இனிதான் பெரிய சம்பவம். மாப்பிள்ளை தலைப்பாகையும் மாலையுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் மொட்டையும் சந்தனமுமாகக் குழந்தை. ஆசாரி கம்பியை எடுத்துவிட்டார். என் கேமராவில் 50 லென்ஸ். காதை நெருக்கமாக எடுக்க 24-105 வேண்டும். கழற்றப் போனேன். வரவில்லை. 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவிலிருந்தே நிக்கான் லென்ஸ் ஒரு பக்கம் திருகினால் பூட்டும். கேனானில் அதே பக்கம் திருகினால் கழலும். நிக்கானைக் கழற்றுகிற பழக்கத்தில் நான் கேனானை இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறேன். தன் பழைய கேமரா படும் பாட்டை மணையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை.

"எதிர்ப்பக்கம்! எதிர்ப்பக்கம்!" என்று கத்தினான்.

ஆசாரி திடுக்கிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு குழந்தையின் வலது காதுக்குப் போனார்.

"பொட்டப்பிள்ளைக்கு மொதல்ல எடது காதுதான்யா!" என்று பாட்டி எழுந்துவிட்டது.

"தாய்மாமன்தான் எதிர்ப்பக்கம்னாரு" என்றார் ஆசாரி.

"நான் லென்ஸச் சொன்னேன்" என்றான் மாப்பிள்ளை.

"காது குத்தற எடத்துல எதுக்குடா லென்ஸு?"

இந்தப் பஞ்சாயத்து நடந்த நேரத்தில் எப்படியோ லென்ஸை மாற்றிவிட்டேன். குத்துகிற நொடியில் ஜூம் வளையத்தைச் சரசரவென்று திருப்பினேன். அதுவும் நிக்கானுக்கு நேர் எதிர்த் திசை. காது கிட்டே வருவதற்குப் பதில் மண்டபமே எட்டிப் போய்விட்டது. சரி, இருட்டாக இருக்கிறதே, கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவோம் என்று பார்த்தால், டி90இல் கூட்டல் இடது பக்கம், கழித்தல் வலது பக்கம். இதில் பள்ளிக்கூடத்து எண்கோடு மாதிரி கழித்தல்தான் இடது. அண்ணன் மகள் காது குத்திய படத்தில் நாற்பது ஃப்ளெக்ஸ் முகமும், ஒரு ஃபேனும், அந்திக் கருக்கலில் கடுகளவு குழந்தையும் இருக்கிறார்கள்.

ராத்திரி அப்பாவிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். அவர் ஓட்டியது பழைய புல்லட், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அதை விற்றுவிட்டு ஹீரோ ஹோண்டா வாங்கினார். அதில் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. டீக்கடை முன்னால் நிறுத்த இடது காலை அழுத்தி மிதித்தாராம். வண்டி அடுத்த கியருக்குப் போய் பெஞ்சு வரைக்கும் சென்றிருக்கிறது. "பெஞ்சுல இருந்த ஆளு எந்திரிச்சு எடம் குடுத்தான். அவனுக்கு மரியாத தெரியும்" என்றார். கால் பழக மூன்று மாதம் ஆனதாம்.

இப்போது ஒரு மாதம் ஆகிறது. டயல் சுற்றும் திசையை மெனுவில் போய்த் தலைகீழாக மாற்றிக்கொண்டேன், அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஜூம் வளையம் வெறும் எந்திரம், அதற்கு நாம்தான் மாற வேண்டும். ஷட்டர் சத்தத்தையும் திருப்பிப் போட்டாயிற்று. ஆனால் டி90இன் "டடக்" எங்கே, இதன் "ச்க்" எங்கே? இரவுப் படங்களில் ரவை அநேகமாகக் காணவில்லை. எடுப்பதற்கு முன்பே படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று வ்யூஃபைண்டரில் தெரிவது பெரிய வசதி. இருந்தும் ஒவ்வொரு படத்துக்கும் பின்பக்கத்தைக் குனிந்து பார்க்கிற புத்தி போகவில்லை.

டி90ஐ விற்க மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை விஸ்காம் சேர்ந்திருக்கிறது, அதற்கே கொடுத்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். பதினைந்து வருட அனுபவத்தோடு எதிரே உட்கார்ந்து, "மொதல்ல லென்ஸ எப்படிக் கழட்டறதுன்னு பாத்துக்கம்மா, ரொம்பச் சுலபம்" என்று திருகினேன்.

வரவில்லை. இன்னும் அழுத்தித் திருகினேன்.

அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தது. "குடுங்க அங்கிள்" என்று வாங்கி எதிர்ப்பக்கம் திருப்பியது. டக்கென்று கையோடு வந்தது. மறுபடியும் மாட்டி, என் முகத்துக்கு நேரே பிடித்து ஒரு அழுத்து அழுத்தியது.

டடக்.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா குரல் கொடுத்தார். "இப்பத்தான்டா படம் எடுத்த மாதிரி இருக்கு!"