தகரத்துக்குள் இருக்கும் மரம்

எம்.ஜி. டி.சி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் உள்பக்கக் கதவு அட்டையைக் கழற்றினால், உள்ளே நிற்பது ஒரு தச்சு வேலை. அடிச்சட்டம், நிலைக்கால்கள், மேல்சட்டம், சக்கர வளைவைச் சுற்றிய சட்டம், பின்பக்கக் குறுக்குச்சட்டம் என்று எல்லாமே ஆஷ் (ash) என்ற ஐரோப்பியக் கடின மரம். அதன்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகரத்தைப் போர்த்தி, விளிம்புகளில் ஆணி அடித்தும் மடித்தும் இறுக்கியிருப்பார்கள். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1945 முதல் 1949 வரை 10,000-க்குச் சற்று மேலான டி.சி.க்கள் இப்படித்தான் உருவாயின. அவற்றில் மரத்தை மாற்ற வேண்டிய நிலைக்கு வரும் வண்டிகளைப் பற்றியது இந்தக் குறிப்பு.

முதலில் சொல்ல வேண்டியது: இது தச்சு வேலையைவிட அளவு வேலை. நன்றாக இழைக்கத் தெரிந்தவர்கள் கையிலும் கதவு சாத்தாமல் போன வண்டிகள் உண்டு. மரம் அருமையாக இருக்கும். ஆனால் ஒரு நிலைக்கால் அரை அங்குலம் முன்னே வந்திருக்கும்.

ஆஷுக்கு அதிர்ச்சி தாங்கும் குணம் அதிகம், ஆவியில் வளையும், ஸ்க்ரூவைக் கெட்டியாகப் பிடிக்கும். ஈரத்தை மட்டும் தாங்காது. அதனால் இற்றுப்போகும் இடங்கள் எல்லா வண்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: அடிச்சட்டத்தின் கீழ்முகம், நிலைக்கால்களின் அடி, தகரமும் மரமும் சேர்ந்து தண்ணீரைத் தேக்கும் மடிப்புகள். கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. குத்தூசியை எடுத்து ஒவ்வொரு கையகலத்துக்கும் ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். மேல்தோல் தேன் நிறத்தில் அழகாக இருக்கும், ஊசியோ கைப்பிடி வரை இறங்கும். ஸ்க்ரூவைச் சுற்றி அரை அங்குலத்துக்கு மரம் கறுத்திருந்தால், இரும்பின் துரு அங்கே மரத்தைத் தின்றிருக்கிறது என்று பொருள். திருப்புளி வைக்கும்போது ஸ்க்ரூ சுழன்றுகொண்டே இருக்கும், வெளியே கறுப்புத் தூள் கொட்டும். அந்தச் சட்டம் எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிரிப்பதற்கு முன்பே வண்டியை மட்டத்தில் நிறுத்த வேண்டும். சேசிஸின் நடுவில் ஸ்டாண்டு வைத்தால் இரண்டு முனையும் தொங்கும். ஸ்டாண்டுகள் அச்சுகளுக்குக் கீழேதான் நிற்க வேண்டும். மெல்லிய ஏணி போன்ற இந்தச் சேசிஸ் எளிதில் முறுக்கிக்கொள்ளும், மேலே கட்டும் உடம்பும் அதே முறுக்கலோடு அமரும். பிறகு கதவு வாசல்களை மூலைக்கு மூலை அளந்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனியே எழுதுங்கள். இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கையால் பொருத்திய உடம்பு இது, கால் அங்குல வித்தியாசம் பிழையல்ல. அளந்ததும் ஒவ்வொரு வாசலிலும் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையை போல்ட் போட்டு நிறுத்திவிட வேண்டும்.

இனிதான் பெரும்பாலோர் தவறும் இடம். எல்லா மரத்தையும் ஒரே நாளில் பிடுங்கி, உளுத்ததைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பழைய மரம்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே வரைபடம். உதிர்கிற துண்டைக்கூட நீர்த்த எபாக்சிப் பசை ஊற்றி இறுக வைத்து, இல்லாத மூலையைக் கட்டை வைத்து நிரப்பி, ‘இடது, முன், மேல்முகம்’ என்று எழுதித் தொங்கவிடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்திலும் ஒரு நேரத்தில் ஒரு சட்டத்தை மட்டும் எடுத்து, புதிதைப் பொருத்தி, அளந்து, அதன்பின் அடுத்தது. நேரம் இரட்டிப்பாகும், ஆனாலும் வேறு வழியில் போகக் கூடாது. ஆயத்தமாக வெட்டிய மரத்தொகுதிகள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றிலும் விளிம்புகளை நம் வண்டிக்கு ஏற்ப இழைத்தே ஆக வேண்டும். வாங்கி மாட்டுகிற பொருள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

தகரத்தைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். மடித்த விளிம்பை ஒரே மூச்சில் நிமிர்த்தினால் மடிப்புக் கோட்டில் கிழியும். அகலமான மழுங்கிய உளியை நுழைத்து, விளிம்பு நெடுக முதல் சுற்றில் சிறிது, அடுத்த சுற்றில் இன்னும் சிறிது என்று மூன்று நான்கு சுற்றில் திறக்க வேண்டும். ஆணித் தலைகளைப் பிடுங்காமல் துரப்பணத்தால் தலையை மட்டும் எடுத்துவிட்டால் துளை பெரிதாகாது.

மரம் தேர்வு செய்யும்போது நேர் ரேகை, அதாவது மர இழை நேராக ஓடுவது, முக்கியம். தேக்கில் பழகியவர்கள் நெருக்கமான வளர்ச்சி வளையம் உள்ள பலகையைத் தேடுவார்கள். ஆஷில் அது தவறு. மிக மெதுவாக வளர்ந்த ஆஷில் துளைகள் நெருங்கி, கட்டை லேசாகி, சட்டென்று முறியும். ஓர் அங்குலத்துக்கு 4 முதல் 16 வளையம் வரை இருப்பது நல்லது. ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதம். பட்டறைக்குள் சில வாரம் அடுக்கிவைத்த பிறகே வெட்ட வேண்டும். வளைந்த சட்டத்தை நேர்ப் பலகையிலிருந்து அப்படியே அறுத்தால் வளைவின் முனையில் ரேகை குறுக்காக ஓடும். அங்கே ஸ்க்ரூ இறங்கினால் பிளந்துவிடும். சற்றே வளைந்து வளர்ந்த பலகையாகத் தேடுங்கள், அல்லது மெல்லிய பட்டைகளை அச்சில் வளைத்து ஒட்டுங்கள். ஓக் மரத்தைத் தொடவே வேண்டாம், அதன் அமிலம் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். நம் ஊர்ப் பட்டறையில் ஆஷ் கிடைக்காவிட்டால் தேக்கு போடலாம். இற்றுப்போகாது என்பது பெரிய லாபம். ஆனால் அதிர்ச்சி தாங்குவதில் ஆஷுக்குக் கீழே. எண்ணெய் உள்ள மரமாகையால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது.

மூட்டுகளைப் பழையபடியே வெட்டுங்கள். பாதி பாதி செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று அமரும் மூட்டு எங்கே, நாக்கும் துளையும் எங்கே என்பதைப் பழைய மரமே காட்டும். எபாக்சி போட்டால் கிளாம்பை அழுத்தி முறுக்கக் கூடாது, பசை முழுக்கப் பிதுங்கி மூட்டு வறண்டுபோகும். நுரைக்கும் பாலியூரிதேன் பசை இடைவெளியை நிரப்புவது போலத் தோன்றும், அந்த நுரைக்கு வலு கிடையாது. 10-ஆம் எண் ஸ்க்ரூவுக்கு 3 மில்லிமீட்டர் வழித்துளை, மேல் துண்டில் 5 மில்லிமீட்டர். துளைக்குள் எபாக்சி தடவி, ஸ்க்ரூவில் மெழுகு பூசி இறக்குங்கள். பார்ட்டிகிள் போர்டுக்கு வரும் கறுப்பு ஸ்க்ரூக்கள் கடினமானவை. ஓட்டத்தின் அதிர்வில் கழுத்தில் முறிந்துவிடும். வெட்டுமுகங்களுக்கு நீர்த்த எபாக்சியை இரண்டு முறை ஊட்டுங்கள். தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான்.

எல்லாவற்றையும் நியாயம் தீர்ப்பது கதவு. டி.சி.யில் கீல் பின்பக்க நிலைக்காலில் இருக்கிறது, தாழ் முன்பக்கத்தில். இரண்டு கீல்களுக்கு இடையே அந்தக் கால் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால், கதவின் தாழ்முனையில் அது இரண்டு மூன்று மில்லிமீட்டராகப் பெருகும். அதனால் பசை தொடுவதற்கு முன் முழு உடம்பையும் வெறும் ஸ்க்ரூவில் கட்டி, தகரத்தை கிளாம்பில் பிடித்து, கதவைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தாழ்முனை 3 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கட்டும். தகரமும் தாழும் உள் அட்டையும் ஏறியதும் அந்த எடையில் இறங்கி நேராகும். சாத்தாவிட்டால் உடனே கதவைச் சீவ வேண்டாம். உடம்பு சேசிஸில் அமரும் போல்ட்டுகளுக்கு அடியில் உள்ள பாக்கிங்கை, அதாவது உயரம் சரிசெய்ய வைக்கும் தகடுகளை, ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரு தகட்டைக் கூட்டினாலோ குறைத்தாலோ வாசலின் இடைவெளி மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இடைவெளி சுற்றிலும் 4 மில்லிமீட்டருக்கு வந்த பிறகே பசை, அதன்பின் தகர மடிப்பு. மடிப்பையும் முதலில் மூலைகளில் மட்டும் மடித்து, கதவை இன்னொரு முறை சாத்திப் பார்த்துவிட்டு மிச்சத்தை மடியுங்கள். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் உடம்பு போல்ட்டுகள் தளர்ந்திருக்கும். பெயின்ட்காரரிடம் வண்டியை விடும் தேதியை அதற்கு அப்புறமாகக் குறியுங்கள்.