சீனி வருத்தம் எனக்குக் காட்டித்தந்தவை

நோயினால் நன்மையும் உண்டு என்று எழுதுவதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கிளினிக் வாசலில் கால்விரல் எடுக்கப்பட்டவர்களையும், கண்பார்வை மங்கியவர்களையும், சிறுநீரகம் பழுதாகிக் குருதிச் சுத்திகரிப்புக்காகப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்களையும் பார்த்த எவரும் நீரிழிவை ஒரு வரம் என்று சொல்லத் துணியமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனாலும் இந்த வருத்தத்தோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவருகிற ஒருத்தி என்ற வகையில், அது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது பாதி உண்மையை மறைப்பதாகும் என்று கருதுகிறேன். என் உடம்புக்குள் நடப்பதை நானே பார்த்து, அதற்கேற்ப நானே ஏதாவது செய்துகொள்ளக்கூடிய வாய்ப்பை இந்த நோய் தந்திருக்கிறது. எல்லா நோய்களும் அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

அதன் அருமை எனக்கு அம்மாவை நினைக்கும்போதுதான் முழுதாக விளங்குகிறது. அம்மாவுக்கும் இதே வருத்தம் இருந்தது. அவருடைய காலத்தில் வீட்டில் செய்யக்கூடியதாக இருந்தது சிறுநீர்ச் சோதனை ஒன்றுதான். நீல நிறப் பெனடிக்ற் கரைசலைச் சோதனைக் குழாயில் எடுத்து, அதற்குள் எட்டுத் துளி சிறுநீர் விட்டு, ஸ்பிரித்து விளக்கின் சுவாலையில் பிடித்துக் கொதிக்க வைப்பார். நீலம் நீலமாகவே நின்றால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போகப் போக அம்மாவின் முகமும் மாறிக்கொண்டே போகும். பெரும்பாலானவர்களுக்குக் குருதியிலுள்ள குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான் சிறுநீரில் சீனி தலைகாட்டும் என்பதால், அவர் நிம்மதியோடு உறங்கப்போன இரவுகளிலும் அளவு கூடியிருந்திருக்கக்கூடும். ஆபத்தாகக் குறைந்திருந்தாலும் அந்த நீலம் அதைச் சொல்லியிராது.

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், இன்சுலின் போத்தலை அம்மா ஒரு சிறிய மண்முட்டிக்குள் வைத்து, அதை ஈர மணல் நிரப்பிய பெரிய சட்டியில் பாதிவரை புதைத்து, வெயில் அண்டாத அறை மூலையில் வைத்திருந்தார். மண்பாத்திரத்தின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும்வரை, அவனைப்போன்ற பிள்ளைகளுக்குப் பட்டினிக்கு ஒப்பான உணவுக் கட்டுப்பாட்டைத் தவிர வைத்தியர்களிடம் வேறு வழி இருக்கவில்லை. அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடம் கையளித்தார்கள் என்று படித்தபோது, எங்கள் வீட்டு மண்சட்டிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எத்தனையோ பேருடைய உழைப்பும் பெருந்தன்மையும் சேர்ந்துதான் அம்மாவுக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தன.

இப்போது என்னிடம் உள்ளங்கைக்குள் அடங்கும் குளுக்கோமீற்றர் இருக்கிறது. அதன் ஸ்ட்ரிப்புகள் மலிவானவையல்ல. ஆகவே எப்போது குத்திப் பார்ப்பது என்பதை யோசித்துத்தான் செய்கிறேன். யோசித்துக் குத்தியதால் கிடைத்த பாடங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது புட்டு பற்றியது. அரிசிமாப் புட்டை வழக்கமான அளவில் சம்பலோடு மட்டும் சாப்பிட்டு இரண்டு மணிநேரம் கழித்துப் பார்த்தபோது 214 காட்டியது. இன்னொரு நாள் அதே மாவில் அவித்த புட்டில் பாதியளவை எடுத்து, முதலில் ஒரு கோப்பை முருங்கையிலை வறையையும் மீன்குழம்பில் கிடந்த இரண்டு துண்டு மீனையும் சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகே புட்டில் கை வைத்தேன், 158 வந்தது. நார்ச்சத்தும் புரதமும் முன்னே போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகி, மாச்சத்துக் குளுக்கோஸாகிக் குருதியில் சேரும் வேகமும் தணிகிறது. வைத்தியர் இதை எனக்கு முன்னரே விளக்கியிருந்தார். என்றாலும் என் குருதியிலேயே, என் வீட்டுப் புட்டிலேயே அதைக் கண்ட பிறகு எனக்கு எவரும் உணவைப் பற்றி அறிவுரை சொல்லவேண்டி வரவில்லை.

குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம், தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி கடித்தால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. குரக்கனிலும் மாச்சத்து நிறைய உண்டு. அளவு தவறினால் அதுவும் ஏற்றும். பனங்கட்டியும் சீனிதான். இவற்றை நான் எவரோடும் வாதாடி நிறுவவில்லை. மீற்றரில் வந்த இலக்கத்தைக் காட்டினேன், அவ்வளவுதான்.

நடைப் பழக்கமும் அப்படித்தான் வந்தது. தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்காகக் காத்திராமலே குருதியிலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஆகவே இராச் சாப்பாடு முடிந்ததும் நானும் அவரும் ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளம்வரை போய்த் திரும்புவோம். "என்ன டீச்சர், இந்த நேரத்திலை எங்கை வெளிக்கிட்டனீங்கள்?" என்று படலையடியில் நின்று கேட்ட பக்கத்து வீட்டு அக்கா இப்போது எங்களோடு வருகிறா. திருமணமாகி இத்தனை வருடங்களில், தொலைக்காட்சியோ கைப்பேசியோ குறுக்கே வராமல் நானும் அவரும் ஒவ்வொரு நாளும் பேசிக்கொள்ளும் நேரம் இதுதான். இதை இந்த நோயின் கணக்கில்தான் நான் வரவு வைக்கவேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி என்ற குருதிச் சோதனை பார்க்கிறார்கள். செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாட்கள் உயிர்வாழ்வதால், அவற்றில் ஒட்டிக்கொண்ட குளுக்கோஸின் அளவு கடந்த சில மாதங்களின் சராசரியைச் சொல்லிவிடும். கிளினிக்குக்கு முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்து வைத்தியரை மகிழ்விக்க முடியாது என்பது எனக்குப் பிடித்த விடயம். பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. பிரித்தானியாவில் நடந்து 1998இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வொன்றில், சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறு குருதிக்குழாய்களில் வரும் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்திருந்தன. நான் குளிசையை நேரம் தவறாமல் போடுவதற்கும், கொழுக்கட்டையில் ஒன்றோடு கையை எடுப்பதற்கும் பலன் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு உறுதி எனக்குத் தேவையில்லை.

கால்களைப் பற்றியும் சொல்லவேண்டும். படுக்கைக்குப் போகுமுன் ஒரு சிறிய கண்ணாடியை நிலத்தில் வைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கிறேன். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் எதுவும் இருக்கிறதா என்று தேடுகிறேன். உணர்ச்சி நரம்புகள் மெல்ல மெல்லப் பழுதுபடும்போது காயம் பட்டதே தெரியாமல் போகும் என்பதற்காகத் தாதி கற்றுத்தந்த பழக்கம் அது. "அம்மா, முகத்தைப் பாக்கிற மாதிரி காலையும் பாருங்கோ" என்றார். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் வீதியில் வெறுங்காலோடுதான் நடக்கிறோம். நண்பகல் வெயிலில் அந்த மணல் எப்படிக் கொதிக்கும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். நான் விடியற்காலையில், மணல் குளிர்ந்திருக்கும்போது போகிறேன். சனநெருக்கம் இல்லாத அந்த நேரத்தில் முருகனை ஆறுதலாக நின்று கும்பிட முடிகிறது. வீடு வந்ததும் கால் கழுவி, ஈரம் துடைத்து, ஒருமுறை பார்த்துவிடுவேன். கந்தசஷ்டி விரதத்தையும் வைத்தியரிடம் கேட்டு, குளிசை நேரத்தை மாற்றி, ஒருநேரம் பாலும் பழமும் எடுத்துத்தான் பிடிக்கிறேன். சீனி 70க்குக் கீழே இறங்கி உடல் நடுங்கி வியர்த்தால் உடனே எடுப்பதற்கு, அந்த ஆறு நாட்களும் குளுக்கோஸ் பைக்கற் ஒன்று என் கைப்பையில் இருக்கும்.

எங்கள் குடும்பத்துக்கு இந்த நோயினால் கிடைத்த பெரிய நன்மை தம்பியின் விடயத்தில்தான். அம்மாவுக்கும் எனக்கும் இருப்பதனால் அவனையும் வற்புறுத்திப் பரிசோதிக்க வைத்தேன். வெறுவயிற்றில் 112. 126ஐத் தொட்டால்தான் நீரிழிவு என்றாலும், 100 முதல் 125 வரை உள்ளவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களிடையே நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடங்கள் உடற்பயிற்சி செய்வதை இலக்காகக் கொண்ட குழுவில், நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. அம்மாவின் காலத்தில் சிறுநீரில் நிறம் மாறும்வரை எவருக்கும் தெரிந்திராத ஒன்று, தம்பிக்கு வருமுன்னரே தெரிந்துவிட்டது. அவன் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, கொக்குவிலிலிருந்து ரவுணிலுள்ள கடைக்குச் சைக்கிளில் போய்வரத் தொடங்கியிருக்கிறான். இரவில் இடியப்பத்தைக் குறைத்துக் கீரையைக் கூட்டியிருப்பதாக மச்சாள் சொல்கிறா. அடுத்த பரிசோதனை தை மாதம்.